வாயிலானின் இரண்டு விரல்

அந்த மதியம் அண்ணன் சிரித்தானா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான் என்கிறாள் அம்மா. அவன் அப்போது அறையிலேயே இல்லை, தண்ணீர் குடிக்கத் தன் பின்னால் அடுக்களைக்கு வந்துவிட்டான் என்கிறாள் அண்ணி. என் நினைவில் அவன் ஜன்னல் திரைச்சீலையை ஒட்டி நிற்கிறான், முகம் தெரியவில்லை. அப்பாவிடம் மட்டும் இதைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

மற்றவை ஓரளவு சரியாகவே நினைவிருக்கின்றன.

அப்பா லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலாவது யாராவது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால் கம்பெனியிலிருந்து அவருக்குத்தான் போன் வரும். தட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். "மணி அடிச்சாச்சுன்னா அடிச்சாச்சு. குடிகாரன் அடிச்சானா, குழந்தை விளையாட்டுக்கு அடிச்சுதான்னு நாம யோசிக்கக் கூடாது. முதல்ல போகணும்" என்பார். கதவை நெம்பித் திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?" வீட்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு எங்களிடமும் அதே குரலில் அதையே கேட்பார். அது அவருடைய நகைச்சுவை. வேறு நகைச்சுவை அவரிடம் அதிகம் கிடையாது.

அம்மா திரைச்சீலைகள் தைப்பவள். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறேன். அண்ணன் டிவி தொடர்களில் விசித்திர உயிர்களாக, முகம் தெரியாமல் ரப்பர் உடுப்புக்குள் நடிப்பவன்.

கடைசி வரியை அப்பாவால் பல வருடங்கள் வெளியே சொல்ல முடியவில்லை. "பெரியவன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால் "டிவில" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். பிறகு அந்தத் தொடர் வந்தது. ஒரு பெரிய விண்கப்பலைப் பற்றிப் பல வருடங்கள் ஓடிய பழைய தொடரிலிருந்து கிளை பிரிந்த தொடர் அது. இதில் கப்பல் கிடையாது. கப்பல்கள் வந்து நின்று போகும் ஒரு சுங்கச்சாவடி மட்டும்தான். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில், எல்லோரும் மறந்துவிட்ட ஒரு வாயில். அதைத் திறந்து மூடுபவன் வாயிலான். ஆமை போன்ற முகம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், வாயே திறக்க மாட்டான். அந்த வாயிலானுக்குள் இருந்தவன் என் அண்ணன்.

முதல் பருவத்திலேயே வாயிலானின் வணக்கம் பிரபலமாகிவிட்டது. அகதிகள் ஏறிய ஒரு சின்னக் கப்பல் வாயிலைத் தாண்டிப் போகிறது. அதன் ஜன்னலில் ஒரு சிறுமி. வாயிலான் அசையாமல் நிற்கிறான். பிறகு வலது கையை நெஞ்சு வரை மெல்லத் தூக்கி இரண்டு விரல்களை நீட்டுகிறான். விரல்கள் லேசாக நடுங்கும். அவ்வளவுதான். அடுத்த மாதமே தெருவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து இரண்டு விரல் காட்டினார்கள். சட்டைகளில் அச்சடித்து விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன். கடையில் என் தேய்க்கும் இயந்திரத்தின் மேல் ஒட்டுப்படமாகவும் ஒட்டி வைத்தேன். பழக்கமில்லாத வாடிக்கையாளரிடம்கூட "இது எங்க அண்ணன் கை" என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா ஒரேயடியாக மாறிப்போனார். அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதவைத் திறந்தவுடன் விறைப்பாக நின்று, நெஞ்சுக்கு நேராக இரண்டு விரல் காட்டுவார். அண்ணன் பதிலுக்குக் காட்ட மாட்டான். அந்த இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கையில் பொத்திக் கீழே இறக்கிவிட்டு, "உள்ள வாங்கப்பா, வாசல்ல நின்னுகிட்டு" என்பான். அதைப் பாசம் என்று நினைத்தோம். பாசமும்தான்.

நான்காவது பருவத்தோடு தொடர் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் வாயிலான் தன் முகமூடியைக் கழற்றப்போகிறான் என்று முன்னமே தெரிந்துவிட்டது. அப்பா கட்டடத்தில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டார். மாடி வீட்டு மாமா முதல் ஆளாக வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வங்கியில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் தொழிலை வைத்தே கூப்பிடுவார். அப்பா அவருக்கு "லிப்ட்டு", அம்மா "திரைச்சீலை", நான் "கண்ணாடி".

முகமூடி கழன்றது. உள்ளே வேறு யாரோ இருந்தான். கூர்மூக்கு, பெரிய கண்கள், அழகான அழுகை.  விளம்பரம் வந்ததும் மாமா தொண்டையைச் செருமினார்.

"லிப்ட்டு, நம்ம பையனுக்கு எப்பய்யா இப்படி மூக்கும் முழியும் வந்துச்சு? ரப்பர் உரசி உரசித் தேஞ்சு அழகாயிட்டானோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மறுநாளிலிருந்து படிக்கட்டில் இறங்கும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கினார். உள்ளே இருந்தது அண்ணனே இல்லை, இத்தனை வருடம் கதை அளந்திருக்கிறார்கள் என்று கீழ்வீட்டில் பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம் அண்ணன் வந்தபோது அப்பா விரல் காட்டவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, தட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"நீதானடா உள்ள இருந்த?"

அண்ணன் டம்ளரை எடுத்தான். தண்ணீர் குடித்தான். டம்ளரை வைத்தான்.

"நான்தான்ப்பா. நாலு வருஷமும் நான்தான். அந்தக் காட்சியும் முதல்ல என் முகத்தோடதான் எடுத்தாங்க. அன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு, பாதியில நின்னுடுச்சு. அப்புறம் வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"எடுத்த பாதி எங்க?"

"இருக்கும். டிஸ்க் வரும்போது போடுவாங்க. வெட்டின காட்சியெல்லாம் அதுலதான் சேர்ப்பாங்க."

அன்றிலிருந்து அப்பா டிஸ்குக்காகக் காத்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த உடுப்புக்குள்ளிருந்து தன் மகன் முகம் வெளியே வருவதை மாடி வீட்டுக்காரர் ஒருமுறை பார்க்க வேண்டும். பரண்மேல் கிடந்த பழைய பிளேயரை இறக்கிக் கழற்றித் துடைத்தார். "டிஸ்க்கா? இப்ப யாருய்யா அதெல்லாம் வாங்குறா?" என்று மாமா கேட்டதற்கு, "வர்றப்ப வாங்க. முகத்தைப் பார்த்துட்டுப் போங்க" என்றார். அப்பா சவால் விட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

டிஸ்க் வெளிவரப்போகிறது என்று அறிவித்ததும் அண்ணன் படத்தொகுப்பு அறை உதவியாளனுக்குப் போன் செய்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். "உன் மூஞ்சி இருக்குடா. எக்ஸ்ட்ரால வருது. நல்லா வந்திருக்கு" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. அண்ணன் போனை வைத்துவிட்டு வெகுநேரம் கழித்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விடுமுறை நாள் மதியம் அண்ணனும் அண்ணியும் பெட்டியோடு வந்தார்கள். வெள்ளி நிற அட்டைப் பெட்டி. திறந்தால் சுங்க வாயில் இரண்டாகப் பிரியும். உள்ளே ஆறு டிஸ்குகள். பெட்டியின் முகப்பில் வேறு படமே இல்லை. வாயிலானின் கை மட்டும், இரண்டு விரல்.

அப்பா கதவைத் திறந்து, பல மாதங்களுக்குப் பிறகு, விறைப்பாக நின்று விரல் காட்டினார். அண்ணன் பெட்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளாலும் அந்த விரல்களைப் பொத்தி இறக்கினான்.

திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க அம்மா ஜன்னலுக்கு ஒரு வாடிக்கையாளரின் கனத்த திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்தாள். ஓரம் இன்னும் தைக்கவில்லை, குண்டூசிகள் குத்தியபடி இருந்தன. மாமா வந்தார். நல்ல நாற்காலி அவருக்கு.

"கண்ணாடி, எனக்கு ஒரு கண்ணாடி கொடும்மா. முகம் தெரியாம போயிடுச்சுன்னு அப்புறம் உங்கப்பன் சண்டைக்கு வருவான்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் மாமா இருக்கு. மத்த வீட்டு ஜன்னலெல்லாம் தெளிவாத் தெரியுதே" என்றாள் அம்மா, ஊசியைப் பல்லில் கடித்தபடி.

முதலில் வெட்டிய காட்சிகளைப் போட்டோம். கதாநாயகி ஒரு கதவருகே நிற்கிறாள். இரண்டு கிழவர்கள் வரி கட்ட மறுக்கிறார்கள். வாயிலான் எதிலும் இல்லை. கடைசிக் காட்சி முடிந்து பட்டியலுக்குத் திரும்பியது. அப்பா ரிமோட்டும் கையுமாக அண்ணன் பக்கம் திரும்பினார். 

"இதுல இல்லையேடா."

"எக்ஸ்ட்ரான்னுதான் சொன்னான். வேற ஏதாவது பகுதி இருக்கும்."

கீழே இன்னொன்று இருந்தது. படப்பிடிப்புச் சிரிப்புகள், எடுக்கும்போது சொதப்பிய துணுக்குகள். அப்பா அதை அழுத்தினார். அண்ணி தேநீர் போட அடுக்களைக்குப் போனாள்.

துள்ளலான ஒரு இசை. தானாகத் திறக்க வேண்டிய கதவு திறக்காமல் கதாநாயகி அதில் முட்டிக்கொள்கிறாள். நாங்கள் சிரித்தோம். ஒரு தளபதி வீர வசனத்தின் நடுவில் தும்முகிறார், மீசை பறக்கிறது. சிரித்தோம். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவின் வாயிலிருந்து ஊசி விழுந்தது.

அடுத்து வாயிலான் வந்தான்.

"ஆ, பாருங்க" என்று அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார்.

வாயில் அருகே வாயிலான் நிற்கிறான். அந்தக் கடைசிக் காட்சியின் செட்டுதான். புகை விட்டிருக்கிறார்கள். கதாநாயகி தூரத்தில் ஏதோ பேசுகிறாள். வாயிலான் வலது கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டுகிறான். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ரொம்ப சீக்கிரம் பண்ணிட்டாரு. பரவாயில்ல, ஓடட்டும்." வாயிலான் கையை முழுதாக இறக்காமலே மறுபடி தூக்குகிறான். இரண்டு விரல். யாரோ கிளுக்கென்று சிரிக்கிறார்கள். மூன்றாவது முறை. "இன்னிக்கு வணக்கம் கொஞ்சம் தூக்கல்" என்கிறது இன்னொரு குரல். அதற்கேற்ற மாதிரி இசையில் ஒரு மணிச்சத்தம் சேர்த்திருந்தார்கள், ஒவ்வொரு முறை விரல் எழும்போதும் டிங், டிங் என்று. நான்காவது டிங்கில் வாயிலான் அப்படியே, வெட்டிய மரம் போல, முகம் குப்புற விழுந்தான்.

எங்கள் அறை சிரித்தது. அதை எப்படிச் சொன்னாலும் சிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்த விதம் அப்படி. அப்பாவின் குரலும் அதில் இருந்தது.

திரையில் நாலைந்து பேர் ஓடிவந்து அவனைப் புரட்டினார்கள். ஒருவன் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கொக்கிகளை விடுவித்தான். ஆமை முகம் கழன்று வந்தது. உள்ளே என் அண்ணன். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு சாம்பல் நிறம். மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினான். "என்ன சார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று யாரோ கேட்க, அண்ணன் மூச்சுக்கு நடுவில், "விரல் காட்டினேனே... அத்தனை தடவை காட்டினேனே" என்றான். "நாங்க வணக்கம்னு நெனச்சோம்" என்றது அந்தக் குரல். எல்லோரும் சிரித்தார்கள். திரையிலிருந்த அண்ணனும் சிரித்தான். இசை உச்சத்துக்குப் போய் முடிந்தது.

பிறகு கதாநாயகி இருமும் ஒரு துணுக்கு வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அதுவும் முடிந்து பட்டியலுக்குத் திரும்பி, அந்தக் கை மட்டும் திரையில் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. அடுத்த வீட்டில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள். வெளிச்சத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் விரலில் குண்டூசி குத்தி ஒரு பொட்டு ரத்தம் இருந்தது.

"தமாஷுக்குத்தானே போட்டிருக்காங்க" என்றார் மாமா. எழுந்து, வேட்டி கட்டியிருப்பவர் போலக் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "முகம் வந்துடுச்சு லிப்ட்டு. நம்ம பையன்தான். நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்." கதவு வரை போய்த் திரும்பினார்.  பிறகு வெளியே போனார். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

அண்ணி தட்டோடு நின்றிருந்தாள். தேநீர்மேல் ஏடு படிந்திருந்தது.

"நான் சொல்லிடுறேன் மாமா" என்றாள் அப்பாவிடம். "இவர் சொல்ல மாட்டார். அது வணக்கமே கிடையாது. முதல் வருஷத்திலிருந்தே கிடையாது. உள்ள இருக்கிறவங்க பேசினா வெளிய கேட்காது. மூச்சு முட்டினா ரெண்டு விரல் காட்டணும், ஆள் ஓடி வந்து கழட்டுவாங்க, அதுதான் ஏற்பாடு. அந்தக் கப்பல் போற காட்சியில இவருக்கு மூச்சு முட்டிக் காட்டினதைத்தான் அவங்க அழகா இருக்குன்னு அப்படியே வச்சுட்டாங்க. அப்புறம் கதையிலயே எழுதிட்டாங்க."

"அப்ப நிஜமா மூச்சு முட்டினா?" என்றாள் அம்மா.

"தொடையைத் தட்டணும்னு மாத்திக் குடுத்தாங்கம்மா" என்றான் அண்ணன். "மூச்சு முட்டுறப்ப கைக்குப் புதுசு எங்க ஞாபகம் வரும்? பழசுதான் போகுது."

அம்மா தரையில் விழுந்த ஊசியைத் தேடத் தொடங்கினாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது. தேடிக்கொண்டே இருந்தாள்.

அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார். கதவை நெம்பித் திறந்தவுடன் கேட்கும் அதே குரல். ஆனால் அன்று அது நகைச்சுவை இல்லை.

"எவ்வளவு நேரமா உள்ள இருந்த?"

"தெரியலப்பா. ரொம்ப நேரம் இல்ல."

"உள்ள மணி எதுவும் வைக்கலையா?"

"கைதான்ப்பா மணி."

அப்பா தலையை ஆட்டினார், ஒரு வேலையாள் பழுதின் காரணத்தைக் கேட்டுக்கொள்வது போல.

"வாசல்ல நான் காட்டுறப்பவாவது சொல்லியிருக்கலாமேடா. நாலு வருஷம்."

அண்ணன் விரலில் இருந்த ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சினான். "எப்படிப்பா சொல்றது. நீங்க என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமா கதவைத் திறந்ததே அதுக்கு அப்புறம்தான்."

 அப்பா ரிமோட்டை எடுத்து அணைக்கப் பார்த்தார். தவறான பொத்தானை அழுத்தினார், துள்ளலான இசை மறுபடி தொடங்கியது. அண்ணி போய் மின்சுவிட்சையே அணைத்தாள்.

அவர்கள் கிளம்பும்போது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். அப்பாவின் வலது கை இடுப்பு வரை எழுந்தது. நாலு வருடப் பழக்கம். அங்கேயே நின்றது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையைத் தடவி, சாவியைத் தேடுவது போல நின்றார். சாவி கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தக் கையை எட்டிப் பிடிக்கவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான், வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

மறுநாள் கடையில் என் இயந்திரத்தின் மேலிருந்த ஒட்டுப்படத்தைக் கிழித்தேன். விரல்கள் மட்டும் வரவில்லை. வில்லை தேய்க்கும் பொடியை நனைத்து வைத்துத் தேய்த்தேன். இயந்திரத்தின் பச்சை வண்ணமும் சேர்ந்து போய்விட்டது. முதலாளி ஏன் என்று கேட்டார். பழசாயிடுச்சு என்றேன்.

அண்ணன் அதற்குப் பிறகு உடுப்புக்குள் நடிக்கவில்லை. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான், மழை பெய்தாலும் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கியே வைத்திருக்கிறான் என்று அண்ணி திட்டுகிறாள். அண்ணிக்கு ஒரு பெண் பிறந்தாள், நடக்கத் தொடங்கிவிட்டாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் செய்து கொடுத்த தடித்த கண்ணாடியோடு இன்னும் ஓரம் தைக்கிறாள். மாடி வீட்டு மாமா மகள் வீட்டோடு போய்விட்டார். போகும் வரை அப்பாவை லிப்ட்டு என்று கூப்பிடாமல், தம்பி என்றே கூப்பிட்டார். நான் அதே கடையில்தான் இருக்கிறேன். வெள்ளிப் பெட்டி அம்மாவின் துணி அலமாரியில், முகப்பு சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தெருவில் பிள்ளைகள் இப்போதும் சில நேரம் விளையாட்டாக இரண்டு விரல் காட்டுவதுண்டு. அவர் நின்று, அருகில் போய், "என்னம்மா, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.